திரும்பி வரும் வித்தை

எங்கள் சோழபுரத்தை நேயர்களில் அநேகர் பார்த்திருக்க மாட்டார்கள். ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவிலுக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் தூங்காமல் இருந்தால் பார்க்கலாம். ஊருக்கு மேற்கே நீல நிறமாக ஒரு மலைத்தொடர் வடக்கும் தெற்குமாகப் படுத்திருக்கிறது. அதற்கு அப்பால் மலையாளம். "மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?" என்று கேட்காத குழந்தை எங்கள் ஊரில் பிறந்ததில்லை. "பெரியவனானதும் போய்ப் பார்க்கலாம்" என்று சொல்லாத தகப்பனும் கிடையாது. பையன்கள் பெரியவர்களாகிப் போய்ப் பார்த்தார்கள். பெண்களுக்கு மட்டும் அந்தப் 'பெரியவளாகும்' காலம் வெகு நாள் வரையில் வரவே இல்லை. வந்தபோதும் அதற்கு வேறு பொருள் சொல்லி, வீட்டுக்குள்ளே உட்கார வைத்துவிட்டோம்.

நான் பஞ்சாலை ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஆகாசத்தைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை ஒன்றும் இல்லை. ஆயினும் 2024-ஆம் வருஷத்துக் கோடையில் என் பேத்தி ஒரு வகுப்புக்குப் போய் வந்தாள். அந்த வகுப்பில் அவள் படித்ததைவிட, வீட்டில் இருந்த நான் படித்தது அதிகம் என்று தோன்றுகிறபடியால் இதை எழுதத் துணிந்தேன்.

இந்திய வானவெளி ஆராய்ச்சி நிறுவனம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக ஒரு கோடைகால வகுப்பு நடத்தி வருகிறது. 'யுவிகா' என்று அதற்குப் பெயர். இளம் விஞ்ஞானிகள் வகுப்பு என்று பொருள். 2019-இல் ஆரம்பமாயிற்று. ஒன்பதாவது வகுப்புப் படிக்கும் பிள்ளைகளை நாடு முழுவதிலுமிருந்து பொறுக்கி எடுத்து, இரண்டு வாரம் தங்கள் நிலையங்களில் தங்க வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சாப்பாடு, தங்குமிடம், பிரயாணச் செலவு எல்லாம் அவர்களுடையது. துணைக்குப் போகும் பெரியவர் ஒருவருக்கும் ரயில் கட்டணம் கொடுக்கிறார்கள். பொறுக்கி எடுக்கும்போது கிராமப் பஞ்சாயத்துப் பள்ளிகளில் படிக்கிறவர்களுக்கு என்று தனியாகச் சில மதிப்பெண்கள் உண்டு. பட்டணத்துக் குழந்தைகளுக்கு இல்லாத ஒரு சலுகை பட்டிக்காட்டுக் குழந்தைக்குக் கிடைப்பதை என் ஆயுளில் நான் கண்டது அநேகமாக அதுவே முதல் தடவை.

பேத்திக்கு இடம் கிடைத்தது. திருவனந்தபுரத்திலுள்ள விக்ரம் சாராபாய் வானவெளி நிலையத்துக்கு வரவேண்டும் என்று தகவல் வந்தது. அன்று மாலையே வீட்டில் யுத்தம் ஆரம்பமாயிற்று.

என் மனைவி எடுத்த எடுப்பிலேயே பெரிய ஆயுதத்தை எடுத்தாள். "கல்பனா சாவ்லா திரும்பி வந்தாளா?" என்று கேட்டாள்.

"பாட்டி, என்னை ராக்கெட்டில் ஏற்றப் போவதில்லை, பெஞ்சியில் உட்கார வைத்துப் பாடம் சொல்லப் போகிறார்கள்" என்றாள் பேத்தி.

"எல்லாம் பெஞ்சியில்தான் ஆரம்பமாகிறது, கண்ணு. அந்தப் பெண்ணும் கர்னால் என்ற ஊரில் பெஞ்சியில் உட்கார்ந்து படித்தவள்தானே?"

இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. மகன், "அப்பா சொல்கிறபடி செய்யலாம்" என்று சொல்லி நழுவினான். மருமகள் ஒன்றும் பேசாமல் பெண்ணின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அபிப்பிராயம் அந்த மடிப்பிலேயே தெரிந்தது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான், "யோசிப்போம்" என்றேன். எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு 'வேண்டாம்' என்று அர்த்தம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

1984 ஏப்ரல் 3-ஆம் தேதி ராகேஷ் சர்மா ருஷ்யர்களுடைய ஸோயுஸ் கலத்தில் ஏறி வானவெளிக்குப் போனார். ஏறக்குறைய எட்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பினார். அப்பொழுது என் மகளுக்கு ஒன்பது வயது. பத்திரிகையில் வந்த அவருடைய படத்தைக் கத்தரித்துத் தகரப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டி வைத்தாள். அதன் பிறகு பௌதிக சாஸ்திரம் என்றால் அவளுக்கு உயிர். 1992-இல் மலைக்கு அப்பால் உள்ள ஒரு கல்லூரிக்கு மனுப் போட்டாள். இடம் கொடுத்துக் கடிதம் வந்தது. தபால்காரர் அதை என் கையில்தான் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தை நான் என் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்தேன். கடைசித் தேதி கழிந்து நாலு நாள் ஆன பிறகு எடுத்து, "இன்றைக்குத்தான் வந்தது அம்மா, தபாலில் தாமதம் போலிருக்கிறது" என்று கொடுத்தேன். அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து ஊரில் கிடைத்த படிப்பைப் படித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டாள். இன்று தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். நல்ல மாப்பிள்ளை, நல்ல குடும்பம். எனவே நான் செய்தது சரி என்று முப்பத்திரண்டு வருஷமாக எனக்கு நானே தீர்ப்பு எழுதிக் கொண்டிருந்தேன்.

பேத்தியின் விஷயம் தெரிந்ததும் மகள் டெலிபோனில் கூப்பிட்டாள். க்ஷேம சமாசாரம் விசாரித்தாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள்: "அப்பா, இந்தத் தடவை தகவல் தபாலில் வரவில்லை, கம்ப்யூட்டரில் வந்திருக்கிறது. கணக்குப் புத்தகத்துக்குள் வைக்க முடியாது."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது! உறையின் மேல் தபால் முத்திரையும் தேதியும் இருக்கும் என்பதை, நாள் முழுதும் தேதிகளோடு வாழ்ந்த கணக்குப்பிள்ளையான நான் மறந்துவிட்டேன். பதினேழு வயதுப் பெண் பார்த்துவிட்டாள். மறுநாள் காலையில் நானே ராஜபாளையம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்ப் பிரயாணத்துக்கு ஏற்பாடு செய்தேன்.

மே மாதத்தில் புறப்பட்டோம். செங்கோட்டை தாண்டி ரயில் மலை ஏறுகிறது. 1904-இல் போட்ட பாதை அது. மீட்டர் கேஜை அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-இல் அடைத்து, 2018-இல் மறுபடி திறந்தார்கள். குகைகளுக்குள் புகுந்து, பதின்மூன்று கண் பாலத்தின் மேல் ஊர்ந்து, வண்டி அந்தப் பக்கம் இறங்கியது. ஜன்னல் ஓரத்தில் பேத்தி வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தில் 1992-இல் வேறொரு பெண் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தபோது நானும் வாய் பேசவில்லை. கொல்லத்தில் வண்டி மாறித் திருவனந்தபுரம் சேர்ந்தோம்.

குழந்தையை ஒப்படைத்துவிட்டு, தும்பாவில் இருக்கும் மாதா கோயிலைப் பார்க்கப் போனேன். மேரி மக்தலேன் என்ற அர்ச்சியசிஷ்டையின் பெயரால் கட்டிய பழைய கோயில் அது. இப்பொழுது வானவெளி விஷயங்களைக் காட்டும் காட்சிசாலையாக இருக்கிறது. பூமியின் காந்த மத்திய ரேகை தும்பாவுக்கு அருகே ஓடுகிறபடியால், மேல் வாயு மண்டலத்தை ஆராய அதுவே தகுந்த இடம் என்று கண்டார்கள். விக்ரம் சாராபாய் பிஷப் பீட்டர் பெர்னார்டு பெரேராவைக் கண்டு கேட்டார். பிஷப் தம் ஜனங்களைக் கேட்டார். மீன் பிடித்துப் பிழைத்த அந்த ஜனங்கள் கோயிலையும் குடியிருந்த நிலத்தையும் கொடுத்தார்கள். அந்தக் கோயிலே காரியாலயமாயிற்று. நம்முடைய ராமேசுவரத்து அப்துல் கலாம் அங்கே வேலை பார்த்தார். 1963 நவம்பர் 21-ஆம் தேதி, அமெரிக்காவிலிருந்து வந்த சிறு ராக்கெட்டு ஒன்று அங்கிருந்து கிளம்பிற்று. நமது தேசத்து வானவெளி முயற்சிக்கு அதுதான் பிள்ளையார் சுழி. தங்கள் தெய்வம் இருந்த இடத்தையே தேசத்துக்காக விட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள். ஒரு கடிதத்தை விட்டுக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பதினைந்து நாளும் என் மனைவி சாப்பாட்டைக் கணக்குக்குச் சாப்பிட்டாள். பேத்தி திரும்பி வந்தபோது முதலில் அவளைத் தொட்டுப் பார்த்து, "இளைத்துவிட்டாள்" என்றாள். மருமகள் நிறுத்துப் பார்த்ததில் ஒரு கிலோ கூடியிருந்தது.

அன்று இரவு திண்ணையில் வகுப்பு நடந்தது. பேத்தி ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்தாள். மனிதர் வானவெளிக்குப் போவதைப் பற்றி அவள் எழுதியிருந்ததை மூன்று பாகமாகப் பிரித்திருந்தாள்: போவது, இருப்பது, திரும்புவது. கணக்குப்பிள்ளை புத்தி என்னை விடவில்லை, பக்கங்களை எண்ணினேன். போவது நாலு பக்கம். இருப்பது ஒன்பது பக்கம். திரும்புவது இருபது பக்கம்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் 192 அடி. அதன் உச்சியிலிருந்து ஒரு கல்லை எறிந்தால் சிறிது தூரத்தில் விழும். இன்னும் வேகமாக எறிந்தால் இன்னும் தூரத்தில் விழும். பூமி உருண்டை அல்லவா? 400 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய், விநாடிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால், கல் விழ விழப் பூமியும் வளைந்து விலகிக்கொண்டே போகும். விழுந்துகொண்டே இருக்கும், தரைக்கு வந்து சேராது. அதுதான் சுற்றுவது" என்றாள். அந்த வேகத்தில் ராஜபாளையத்திலிருந்து சோழபுரத்துக்கு இரண்டு விநாடிக்குள் வந்துவிடலாம். சென்னைப் பட்டணத்துக்கு ஒரு நிமிஷத்துக்குச் சற்றே கூடுதல். அங்கே பூமியின் இழுப்பு இல்லை என்று நான் நினைத்திருந்தது தப்பு. தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேயும் இருக்கிறது. கலமும் மனிதரும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான் கனம் தெரிவதில்லை. தொண்ணூறு நிமிஷத்துக்கு ஒரு சுற்று. நாளைக்குப் பதினாறு சூரியோதயம்.

"பதினாறு தடவை வாசல் தெளித்துக் கோலம் போட யாரால் ஆகும்?" என்றாள் என் மனைவி.

அடுத்தது இருப்பது. கனம் இல்லாத இடத்தில் சூடான காற்று மேலே எழும்பாது. ஆகவே தூங்குகிறவன் விட்ட மூச்சு அவன் முகத்தைச் சுற்றியே தேங்கி நிற்கும். விசிறி ஓயாமல் சுழன்று அதை விலக்க வேண்டும். ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 840 கிராம் பிராணவாயு வேண்டும். அவன் விடுகிற கரியமில வாயுவோ ஒரு கிலோ. அதைப் பிடித்து அகற்றவும் கருவி வேண்டும். கனம் சுமக்காத எலும்பு மாதத்துக்கு நூற்றில் ஒரு பங்கு தேயும். தினம் இரண்டு மணி நேரம் தேகப்பயிற்சி செய்தால்தான், திரும்பி வந்த பிறகு நடக்க முடியும். "பார்த்தீர்களா தாத்தா? அங்கே இருக்கும்போதே திரும்பி வருவதற்காகத்தான் உழைக்கிறார்கள்" என்றாள்.

மூன்றாவது பாகத்துக்கு வந்தபோது பாட்டியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "பாட்டி, கல்பனா சாவ்லாவைப் பற்றிக் கேட்டாயே, அதற்கு இப்பொழுது பதில் சொல்கிறேன்."

2003 ஜனவரியில் கொலம்பியா என்ற கலம் கிளம்பிய 82-வது விநாடியில், எரிபொருள் தொட்டியின் மேலிருந்த நுரைப்பூச்சில் ஒரு துண்டு பிய்ந்து இடது இறக்கையில் மோதிற்று. கீழே இருந்தவர்களுக்கு மறுநாளே அது தெரியும். சில எஞ்சினீயர்கள் இறக்கையைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். மேலதிகாரிகள் அவசியமில்லை என்று விட்டுவிட்டார்கள். கலம் பதினாறு நாள் பூமியைச் சுற்றிற்று. பிப்ரவரி 1-ஆம் தேதி, இறக்கையிலிருந்த ஓட்டை வழியே நெருப்பு புகுந்து, தரை இறங்கப் பதினாறு நிமிஷம் இருக்கும்போது கலம் சிதறிற்று. ஏழு பேரும் போனார்கள். "அவள் போனதால் சாகவில்லை, பாட்டி. திரும்பி வருவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் கவலைப்படவில்லை, அதனால் செத்தாள்."

அதற்குமேல் அந்த இருபது பக்கமும் கவலைப்படுகிறவர்களின் கதை. 'ககன்யான்' என்று நமது தேசம் வகுத்த திட்டத்தில், மூன்று பேரை 400 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி, மூன்று நாளில் நம் கடலிலேயே இறக்குவது நோக்கம். ராக்கெட்டு கெட்டுப்போனால் மனிதர் இருக்கும் பாகத்தை மட்டும் பிய்த்துக்கொண்டு பறந்து தப்புவதற்கு ஒரு ஏற்பாடு. 2023 அக்டோபர் 21-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் ஆளில்லாமல் அதைப் பரீட்சித்தார்கள். அன்றைக்கு ஐந்து விநாடி பாக்கி இருக்கும்போது கம்ப்யூட்டர் தானே நிறுத்திவிட்டது. காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்து, பத்து மணிக்கு விட்டார்கள். கலம் கடலில் பத்திரமாக இறங்கிற்று. திரும்பும் கலத்துக்குச் சிறிதும் பெரிதுமாகப் பத்துப் பாராசூட்டு. பெரியவை மூன்று. இரண்டே போதும், இருந்தாலும் மூன்று.

எங்கள் ஊரிலிருந்து தெரிகிற இதே மலைத்தொடரின் தென் கோடியில், மகேந்திரகிரியில், ராக்கெட்டு எஞ்சின்களைக் கட்டிப்போட்டு எரித்துப் பார்க்கிறார்கள். மனிதரை ஏற்றத் தகுந்ததா என்று ஒரு கிரையோஜெனிக் எஞ்சினைச் சோதிக்க 6,350 விநாடி எரித்தால் போதும் என்பது விதி. நாலு எஞ்சின்களை 39 தடவையாக 8,810 விநாடி எரித்துப் பார்த்துவிட்டு, 2024 பிப்ரவரியில்தான் சரி என்று கையெழுத்துப் போட்டார்கள். 2,460 விநாடி அதிகம்! ஆயுள் முழுதும் கணக்கு எழுதிய எனக்கு அந்த உபரி ரொம்பப் பிடித்தது. தம் பிள்ளையை அனுப்புகிற தகப்பன் இப்படியல்லவா கணக்குப் பார்க்க வேண்டும்?

நான் என்ன செய்தேன்? ராக்கெட்டு கிளம்பாவிட்டால் விபத்தே நேராது என்று, கிளம்பவே விடாமல் வைத்துக்கொண்டேன். அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டினேன். நல்ல விடுதி தேடியிருக்கலாம். மாதத்துக்கு ஒரு தடவை ரயிலேறிப் போய்ப் பார்த்திருக்கலாம். அந்த ஏற்பாடுகளெல்லாம் சிரமம். கடிதத்தை ஒளித்து வைப்பது சுலபம்.

2025 ஜூன் 25-ஆம் தேதி சுபான்சு சுக்லா வானவெளிக்குப் போனார். ககன்யானுக்கென்று பொறுக்கி எடுத்து, 2024 பிப்ரவரி 27-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் பெயர் வெளியிட்ட நால்வரில் அவர் ஒருவர். அந்த நால்வரில் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் உண்டு. புறப்பாடு பல தடவை தள்ளிப் போயிற்று. ஒரு தடவை ராக்கெட்டில் பிராணவாயுக் கசிவு. தெருவில், "சகுனம் சரியில்லை" என்று பேசிக்கொண்டார்கள். என் மனைவியோ, "கசிவை அடைத்துவிட்டுத்தானே போக வேண்டும்?" என்று அவர்களுக்குப் பதில் சொன்னாள். திண்ணை வகுப்பு வீண் போகவில்லை.

சர்வதேச நிலையத்தில் பதினெட்டு நாள் இருந்துவிட்டு ஜூலை 15-ஆம் தேதி அவர் திரும்பினார். அன்று மத்தியானம் மகள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்தாள். மூன்று மணிக்குக் கலிபோர்னியாவுக்கு அருகே கடலில் பாராசூட்டுகள் இறங்கின. கலத்தின் கதவைத் திறந்து அவர் சிரித்துக்கொண்டே வெளியே வரும் வரையில் வீட்டில் யாரும் பேசவில்லை. அதற்கப்புறந்தான் என் மனைவி அடுப்பில் பாயசத்துக்கு வைத்தாள். போன அன்று அவள் பாயசம் வைக்கவில்லை.

பேத்திக்கு இப்பொழுது வேறொரு கோடைகால வகுப்பின் மேல் கண். சர்வதேச வானவெளி சர்வகலாசாலை என்று ஒன்று இருக்கிறது. 1988 கோடையில் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அதன் முதல் வகுப்பு நடந்தது. இப்பொழுது பிரான்ஸ் தேசத்து ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் தலைமை இடம். ஒவ்வொரு கோடையிலும் எஞ்சினீயர், வைத்தியர், வக்கீல், வியாபாரம் படித்தவர் எல்லாரையும் பல தேசங்களிலிருந்து சேர்த்து ஒரே கூரையின் கீழ் உட்கார வைக்கிறார்கள். வக்கீலுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். வானவெளி வீரர் வழி தவறி எந்த தேசத்தில் இறங்கினாலும், அந்த தேசத்தார் காப்பாற்றித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று 1968-இல் ஓர் உடன்படிக்கை ஆகியிருக்கிறதாம். திரும்பி வருவதற்குச் சட்டத்திலும் வழி செய்து வைத்திருக்கிறார்கள்! அங்கே படித்தவர்கள் சேர்ந்து, நம் நாட்டு மாணவர்களுக்கு உதவியாக 2010-இல் ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். அதற்கு வைத்த பெயர் கல்பனா சாவ்லா. இதைக் கேட்டதும் என் மனைவி வெகு நேரம் மௌனமாக இருந்தாள். பிறகு, "அப்படியானால் அவள் திரும்பித்தான் வந்திருக்கிறாள்" என்றாள்.

பாயசம் சாப்பிட்ட பிறகு நான் பரணிலிருந்து 1992-ஆம் வருஷத்துக் கணக்குப் புத்தகத்தை இறக்கி மகள் முன்னால் வைத்தேன். கடிதம் அதில் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் புத்தகத்தின் மேலிருந்த தூசியைத் தட்டிவிட்டு, "அந்த மாதா கோயிலை எனக்கு ஒரு தடவை காட்டுங்கள், அப்பா" என்றாள். அடுத்த மாதமே போனோம். ரயில் மலை ஏறும்போது ஜன்னல் ஓரத்து இடத்தை அவளுக்குக் கொடுத்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தோம்.

நேயர்களில் யார் வீட்டுக்காவது, பெண் குழந்தையின் பெயருக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால், அவர்கள் வேண்டிய மட்டும் கவலைப்படட்டும். 6,350 விநாடி போதும் என்றால் 8,810 விநாடி கவலைப்படட்டும். கடிதத்தை மட்டும் அன்றைக்கே அவள் கையில் கொடுத்துவிடட்டும்.